கொள்ளேகால் அப்போது கோயமுத்தூரில் இருந்தது

1

ஆடி மாதத்து மைசூரில் மழை பெய்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. குடையை விரித்தால் நின்றுவிடும், மடக்கினால் தூறும். மலேசியாவில் நான் வளர்ந்த பேராக்கில் மழை வேறு மாதிரி. மத்தியானம் வானம் இடிந்து விழும், கொஞ்ச நேரத்தில் தார்ச் சடக்கெல்லாம் ஆவி பறக்க வெயில் அடிக்கும். இங்கே நாள் முழுவதும் ஒரே சாம்பல் வெளிச்சம். அதில் நடக்கும்போது விழித்திருக்கிறோமா என்ற சந்தேகம் எனக்கு அடிக்கடி வரும். இங்கு வந்து முப்பது வருடம் ஆன பிறகும் வருகிறது.

மருந்தியல் படிக்க வந்தவள் நான். கூடப் படித்த ரவியைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டேன். ரவி மைசூர்த் தமிழர். அவருடைய தாத்தா வேலூர்ப் பக்கத்திலிருந்து ரயில்வே பட்டறை வேலைக்கு வந்தவர். தமிழ்க் குடும்பம்தானே, பேச்சில் என்ன சிரமம் இருக்கும் என்று நினைத்தேன். முதல் வாரமே, எங்கள் ஊரில் காலையில் யாரையும் விசாரிப்பது போல, மாமியாரிடம், "பசியாறிட்டீங்களா அத்தை?" என்று கேட்டு வைத்தேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு முன்னால் அவர் சாப்பிட்டுவிட்டதைக் குத்திக் காட்டுகிறேன் என்று நினைத்தாராம். பூக்காரம்மாவிடம், ரூபாயை மறந்து எங்கள் ஊர்க் காசுப் பேரில், முழம் எத்தனை வெள்ளி என்று கேட்டபோது அவர் நகைக்கடைத் தெரு இருக்கும் திசையைக் காட்டினார்.

இப்போது அதெல்லாம் இல்லை. ரவியைப் போலவே தமிழுக்கு நடுவில் கன்னடம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் ஒரே மகள் நிவேதா கல்லூரியில் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. தூக்கத்தில் கன்னடத்தில்தான் பேசுகிறாள். சிறு வயதில் கட்டில் ஓரம் உட்கார்ந்து, ஒரு சொல்லாவது தமிழில் வருகிறதா என்று காத்திருப்பேன். இப்போது அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறாள்.

இந்தக் குறிப்புகளை எழுத வைத்தது ஓர் அலுவலகத்தில் நடந்த சின்ன விஷயம். வெளிநாட்டுக்காரர்களுக்கான அட்டையைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் மரியாதையானவர். காகிதங்களைப் புரட்டிவிட்டுப் பேச்சுவாக்கில் கேட்டார்.

"நிம்ம ஊரு யாவுது மேடம்?"

உங்கள் ஊர் எது என்கிறார். மலேசியா என்றேன்.

"அது சரி. அதக்கெ முஞ்செ?"

அதற்கு முன்னால்? அவர் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை, முத்திரை குத்தி அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்தேன். தூறிக்கொண்டிருந்தது. குடையை விரிக்காமலேயே பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தேன்.

2

எங்கள் தெருக்கோடியில் ஒரு நூலகம் உண்டு. மாடியில் சின்னக் கூடம். மாதத்தில் ஒரு ஞாயிறு அங்கே உரை நடக்கும். ஒரு மாதம் மாடித் தோட்டம், ஒரு மாதம் மூட்டு வலி. அந்த வாரம் அறிவிப்புப் பலகையில் 'உங்கள் குடும்ப வரலாற்றை நீங்களே தேடலாம்' என்று கன்னடத்தில் எழுதியிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுப் படியேறினேன்.

பேசியவர் சௌம்யா. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும், பழைய ஆவணங்களைப் பாதுகாக்கும் துறையில் வேலை பார்த்தவர். கேட்க வந்திருந்தவர்கள் இருபது பேர் இருப்போம். என்னைத் தவிர எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். ஒருவர் தன் வம்சத்தைப் பழைய வேட்டி முழுவதும் வரைந்து எடுத்து வந்திருந்தார். அதைப் பிடித்துக் காட்ட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

சௌம்யாவின் கன்னடம் மெதுவானது. மேலே மின்விசிறி சுற்ற, ஜன்னலில் தூறல் படிய, பாதி புரிந்தும் பாதி புரியாமலும் உட்கார்ந்திருப்பது ஒரு சுகமாக இருந்தது. "நிம்ம பேரு நீவே ஹுடுக்கபேக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் பேரை நீங்களேதான் தேட வேண்டும். எவ்வளவு அழகாகச் சொல்கிறார் என்று மயங்கிப்போயிருந்தேன். வீட்டுக்கு வந்து நிவேதாவிடம் சொன்னபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா! அது பேரு இல்ல. கன்னடத்துல பேருன்னா வேரு. மரத்தோட வேரு."

ஒரு மணி நேரம் நான் வேறு ஏதோ உரையைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அடுத்த மாதமும் போனேன். அதற்கடுத்த மாதமும்.

எனக்குத் தேட அதிகம் இல்லை. என் தாத்தா நஞ்சப்பன் கித்தாத் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டியவர், ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் போய் உயிரோடு திரும்பியவர். நான் கைக்குழந்தையாக இருந்தபோது காலமானார். என்னை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று ஈப்போ வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. ஊரைப் பற்றி அவர் பேசியதே இல்லை என்பார் அப்பா. கேட்டால், கோயமுத்தூர் ஜில்லா என்று சொல்லி ஊர்ப் பெயரையும் சொல்வார். அதோடு எழுந்து போய்விடுவார்.

அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அப்பா ஒரு முறை தேடியும் இருக்கிறார். என் கல்யாணத்துக்கு வந்தவர், முடிந்த கையோடு கோயமுத்தூருக்கு ரயில் ஏறினார். ஈப்போவில் வாடகைக் காடி ஓட்டிப் பிழைத்தவர் என்பதால் டிரைவர்களிடம் வழி கேட்பது அவருக்கு எளிது. பல்லடம், அவிநாசி, பொள்ளாச்சி என்று அலைந்தார். அப்படி ஓர் ஊரே இல்லை என்றார்கள். திரும்பி வந்தவர் சப்பாத்தைக் கழற்றி வாசலில் தூசி தட்டினார். வெகுநேரம் தட்டிக்கொண்டே இருந்தார். "விடு லா. அப்பாரு ஏதோ வாய்க்கு வந்தத சொல்லியிருப்பாரு," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

3

நான்காவது உரையின் போது சௌம்யா ஒரு பழைய வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். வெள்ளைக்காரன் காலத்தது. நிறங்கள் வெளிறி, இளஞ்சிவப்பு எது, மஞ்சள் எது என்று தெரியாமல் கலந்திருந்தன. ஊரைத் தேடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இன்றைய வரைபடத்தில் தேடுவதுதான் என்றார். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கும், எல்லைக்கோடுதான் இடம் மாறும்.

விரலை வைத்துக் காட்டினார். "இது கொள்ளேகால். நம்ம கொள்ளேகால்தான். மொழிவாரியா ராஜ்யம் பிரிச்சபோதுதான் இது நம்ம பக்கம் வந்தது. அதுக்கு முன்னாடி மெட்ராஸ் ராஜ்யம், கோயமுத்தூர் ஜில்லா."

கன்னடத்தில்தான் சொன்னார். ஆனால் ஒரு சொல்லும் தவறாமல் எனக்குப் புரிந்தது.

என் தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்திருக்க வேண்டும். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று தாத்தாவின் ஊர்ப் பெயரைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப் போல.

சௌம்யா வரைபடத்தின் பக்கம் திரும்பினார். அவர் விரல் கொள்ளேகாலிலிருந்து மெதுவாக இறங்கி, அனூரைத் தாண்டி, மாதேஸ்வரன் மலைக்குப் போகும் காட்டுப் பச்சையின் ஓரத்தில் நின்றது. "இங்கே இருக்கு மேடம்," என்றார். "மைசூரிலிருந்து பஸ்ஸுக்கு மூணு மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம்."

முப்பது வருடம் நான் அந்த ஊருக்கு இத்தனை பக்கத்தில் துணி காயப்போட்டிருக்கிறேன், பிள்ளை பெற்றிருக்கிறேன், ஊர் எது என்று கேட்டவர்களிடம் கடலுக்கு அப்பால் கையைக் காட்டியிருக்கிறேன். அன்று வீடு திரும்பும்போது தெருவே லேசாக மிதப்பது போல இருந்தது. காய்கறி வண்டி, பால் பூத், எதிர்வீட்டு நாய் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஆனாலும் அவை யாவும் யாரோ எனக்காகத் திரும்ப வைத்துவிட்டுப் போனவை போலத் தெரிந்தன.

கிளம்பும்போது சௌம்யா ஒன்று சொல்லியிருந்தார். "அங்கே போய் தாத்தா பேரைக் கேட்காதீங்க. அந்தப் பேரில் அஞ்சு பேர் இருப்பாங்க. இந்த ஊரிலிருந்து கடல் தாண்டிப் போனவங்க உண்டான்னு மட்டும் கேளுங்க. அதை எந்த ஊரும் மறக்காது."

4

தனியாகப் போகப் பயமாக இருந்தது. நிவேதாவைக் கூப்பிட்டேன். மலேசியாவையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறாள், அதற்கும் முந்திய ஊர் அவளுக்கு எதற்கு? ஆனால், "பஸ் போர்டு நீ படிப்பியா? வரேன் இரு," என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள்.

நரசிபுரம், கொள்ளேகால், அனூர். மலைக்குப் போகும் பக்தர்களோடு பஸ் நிறைந்திருந்தது. அனூர் தாண்டியதும் பேச்சு மாறிற்று. முன் இருக்கையில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். 'ஏனுங்க', 'வாங்கொ', 'சொன்னாங்காட்டி'. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த இழுவையை எங்கோ கேட்டிருக்கிறேன். வெளியே மக்காச்சோளக் காடுகள் ஓடிக்கொண்டிருந்தன. மூடிய கண்ணுக்குள் வரிசை வரிசையாகக் கித்தா மரங்களும் அவற்றினூடே விடிகாலைப் பனியும் ஓடின.

ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் எழுதச் சொல்லவில்லை. பஸ் நின்ற இடத்தில் ஒரு டீக்கடை. நடத்துகிற அம்மாவிடம் நிவேதா கன்னடத்தில் ஆரம்பித்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"பாப்பா கன்னடத்துப் புள்ளையா? நாங்க தமிழுதான் கண்ணு பேசுவோம்."

நான் முந்திக்கொண்டேன். "இந்த ஊர்லேர்ந்து யாராச்சும் கடல் தாண்டிப் போனவங்க உண்டுங்களா? ரொம்பக் காலத்துக்கு முந்தி?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "பெனாங்குக்காரரு ஊடுங்களா? அந்த வேப்பமரத்துக்கு அந்தப்பக்கமுங்க. முருகேசண்ணன் ஊட்டுலதான் இருப்பாருங்க."

முருகேசனுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மக்காச்சோளமும் கேழ்வரகும் போடுகிறவர். யார், எவர் என்று கேட்காமலே நாற்காலி போட்டார், அவர் மனைவி மோர் கொடுத்தார். நான் டீக்கடையில் கேட்டதையே மறுபடி கேட்டேன்.

"ஆமாங்க, எங்கம்மாவோட அப்பன். எனக்கு அப்பிச்சி முறை. நஞ்சப்பன்னு பேருங்க. எங்கம்மா கைப்புள்ளையா இருக்கறப்பவே கப்பலேறிட்டாரு. ஜப்பான்காரன் சண்டையில சயாம் ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போயிட்டானுங்களாம். அங்கியே போய்ச் சேந்துட்டாருன்னு கூடப் போனவரு வந்து சொன்னாருங்க. புரட்டாசி அமாவாசைக்கு அவருக்குத்தானுங்க மொதல் படையல் வெப்போம்."

போய்ச் சேர்ந்துவிட்டார். நிவேதா என்னைப் பார்த்தாள். நான் மோர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சயாம் ரயில் ரோட்டிலிருந்து உயிரோடு திரும்பி வந்து, இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்து, பிள்ளைகள் பெற்று, என்னையும் மடியில் வைத்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டவர். அவருக்கு இங்கே வருடா வருடம் இலை போடுகிறார்கள்.

"உங்கம்மிச்சி?" என்று கேட்டேன். அதாவது அவருடைய பாட்டி, என் தாத்தாவின் முதல் மனைவி. அப்படி ஒருவர் இருந்ததே எனக்கு அந்த நிமிடம்தான் தெரியும்.

"சேதி வந்தன்னைக்கே வெள்ளைச் சேலை கட்டிட்டாங்களாமுங்க. இருவத்தஞ்சு, இருவத்தாறு வயசுதான் இருக்கும். அப்பறம் கடேசி வரைக்கும் அதேதான். நல்லது கெட்டதுக்கு முன்னால வரமாட்டாங்களாம். எங்கம்மா கல்யாணத்துக்கே உள்ளார ரூமுக்குள்ளதான் நின்னாங்களாம்."

அப்போது உள்ளே இருந்து கைத்தடியோடு ஒரு வயதான பெண்மணி வந்தார். மெலிந்த உடம்பு, நல்ல உயரம். எதிரே வந்து நின்று என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். அவருக்கு என் அப்பாவின் நெற்றி. அப்பாவின் காது.

"யாரு ஊட்டுப் புள்ள கண்ணு நீ?"

"மலேசியாலேர்ந்து வந்தேங்க. நஞ்சப்பனோட கூட இருந்தவங்க வகையறா." வாய் தானாகச் சொல்லிவிட்டது. பொய்யென்று சொல்ல முடியாத ஒன்று. பிறகு ஏதாவது பேச வேண்டுமே என்று கேட்டேன், "உங்க பேருங்கம்மா?"

"மாதம்மா."

என் அப்பாவுக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. சில வருடங்களுக்கு முன் கிள்ளானில் காலமானார். தாத்தாவின் முதல் பெண் குழந்தை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அவர் பெயரும் மாதம்மா.

5

திரும்பும் பஸ் கொள்ளேகாலைத் தாண்டியதும் நிவேதா ஆரம்பித்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உங்கப்பா சாகல, உங்கம்மா சும்மாவே வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டாங்கன்னா? அவங்களுக்குத் தொண்ணூறு ஆகப்போகுது நிவி."

"அவங்களுக்குக் கொத்தாகணும்மா. தெரியணும். அது அவங்களோட கதெ. நம்ம வெச்சிக்கிட்டா திருடுன மாதிரி."

வீட்டில் ரவி எதிர்ப்பக்கம். "சும்னெ விட்டுடு. போன காலம் போச்சு. தேடினே, சிக்கிச்சு, சாக்கு. இன்னும் அந்த வயசானவங்க மனசை ஏன் கலக்கணும்?" சிக்கிச்சு என்றால் கிடைத்தது, சாக்கு என்றால் போதும். என்னோடு நிதானமாகத் தமிழ் பேசுகிறவர் இப்படிக் கன்னடத்தைக் கலந்தால், பயந்துபோயிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒரு வாரம் எனக்கு வேலை ஓடவில்லை. மருந்துக்கடையில் மாத்திரை அட்டைகளை எடுத்து வைக்கும்போது வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் கண்முன் நடந்துகொண்டே இருந்தார். அவர் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. எனக்கு என்ன முறை வேண்டும் அவர்? பாட்டி என்று கூப்பிட எனக்கு உரிமை உண்டா?

கடைசியில் அப்பாவைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் சீனர் காப்பிக்கடையில்தான் இருப்பார். திரையில் அவர் முகம், பின்னால் பளிங்கு மேசை, பீங்கான் கோப்பைகள் மோதும் சத்தம். எல்லாவற்றையும் சொன்னேன். வரைபடம், ஊர், படையல், வெள்ளைச் சேலை. ரொட்டியைக் காப்பியில் தோய்த்தவர் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அது ஊறி அறுந்து கோப்பைக்குள் விழுந்தது.

"அக்கா இருக்காங்களா?" என்றார். அதை மட்டும்தான் கேட்டார்.

"இருக்காங்கப்பா."

"நீ ஒண்ணும் சொல்லாத. நான் வந்து சொல்றேன். எங்கப்பன் செஞ்சது, நான்தானே சொல்லணும்." கொஞ்ச நேரம் கழித்து, "டிக்கெட் பாரு லா," என்றார்.

6

பெங்களூர் விமான நிலையத்தில் அப்பா என்னைக் கட்டிக்கொண்டதும் முதலில் கேட்டது, "என்னா கொண்டு போறது அவங்களுக்கு?" பெட்டி நிறைய மைலோ பாக்கெட்டுகளும் பிஸ்கட் டின்களும் இருந்தன. வழியெல்லாம் சொல்லப்போவதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். இந்த முறை ரவியும் வந்தார், காரை ஓட்டியவரே அவர்தான். நிவேதா விசேஷத்துக்குப் போவதுபோலக் கை நிறையப் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள்.

ஊர் எல்லையில் காரை நிறுத்தச் சொல்லி அப்பா இறங்கினார். மண்ணைத் தொடுவார், அழுவார் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருது," என்று சொல்லி ஏறிக்கொண்டார்.

முன்பே போனில் முருகேசனிடம், அப்பா வருகிறார், உங்கள் அம்மாவிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். மாதம்மா அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பா அவர் எதிரே தரையில் அமர்ந்தார். ஒத்திகை பார்த்த எதுவும் வரவில்லை.

"அக்கா, நான் நஞ்சப்பன் மகன்."

அத்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து முருகேசன் குனிந்தார். அவர் கையால் மகனைத் தள்ளினார்.

"கேட்டுது. எந்த நஞ்சப்பன்?"

"உங்கப்பா. எங்கப்பாவும் அவருதான். அவரு சயாம்ல சாகலக்கா. திரும்பி வந்தாரு. அங்கியே கல்யாணம் பண்ணிக்கிட்டாரு. எனக்கு மூத்தது ஒரு அக்கா. அவங்களுக்கும் மாதம்மான்னுதான் பேரு வெச்சாரு." இந்த ஒன்று அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று அப்பா நம்பியிருந்தார். நானும்தான்.

அத்தையின் முகம் இறுகியது. "எம்பேர எடுத்து அங்கொருத்திக்கு வெச்சிட்டாராமா? அவரு எனக்குன்னு குடுத்துட்டுப் போனது அது ஒண்ணுதான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். முருகேசன் எழுந்து வாசலுக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தார். "இத்தன வருசம் படையல் போட்டனேம்மா," என்றார் யாரையும் பார்க்காமல். ரவி என் கையைப் பிடித்து அழுத்தினார். போய்விடலாம் என்று அதற்கு அர்த்தம்.

"ஏன் வரல?" அத்தை கேட்டார். "ஒரு சேதி சொல்லி உட்டிருக்கலாமில்ல?"

"தெரியாதுக்கா. எனக்கு உங்களப் பத்தி எதுவுமே சொன்னதில்ல. ஊரப் பத்திக் கேட்டா எழுந்து போயிடுவாரு. நானும் விட்டுட்டேன்."

கூரைத் தகட்டில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. அத்தை கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். ஒரு சமயம் அவர் உதடு அசைந்தது. எதையோ கணக்குப் போடுவது போல விரலை மடக்கினார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"எப்பச் செத்தாரு?"

அப்பா என்னைக் காட்டினார். "இவ பொறந்தப்புறம்தான்க்கா. இவளத் தூக்கி வெச்சிருக்கிற படம் இருக்கு."

"இவ முருகேசனுக்குச் சின்னவதான?"

"பத்து வருசமாச்சும் சின்னவளா இருப்பா."

அத்தை கைத்தடியை ஊன்றிக்கொண்டு எழுந்தார். மருமகள் ஓடி வந்து பிடித்துக்கொண்டார்.

"முருகேசன் பொறந்த மறு வருசம் எங்கம்மா போயிட்டா. அப்ப அவரு இருந்திருக்காரு." குரல் மேலே ஏறியது. "எங்கம்மா முண்டச்சி இல்லடா முருகேசா. ஒருநாளும் முண்டச்சி இல்ல. புருசன் உசுரோட இருக்கச் செத்தவ. மஞ்சக் குங்குமத்தோட போக வேண்டியவ அவ. நாமதான் வெள்ளத் துணி சுத்தி அனுப்புனோம்."

முருகேசனின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

"உன்ற புதுச் சேல ஒண்ணு எடு," என்றார் அத்தை அவரிடம். "செகப்பா எடு. மஞ்சளும் குங்குமமும் எடு. பூவு கடையில வாங்கியாரச் சொல்லு. கண்ணாடி வளவி யாருகிட்ட இருக்குது?"

நிவேதா வளையல்களைக் கழற்ற ஆரம்பித்தாள். ஒன்று உடைந்து கையைக் கீறியது. துடைத்துவிட்டு மற்றவற்றைக் கழற்றினாள்.

வீட்டுக்குப் பின்னால் காட்டோரத்தில் ஒரு புங்கமரம். அதன் அடியில், அத்தையின் அம்மாவைப் புதைத்த இடத்தில், நீளமாக அடுக்கிய கற்கள் மட்டும்தான். புல் முளைத்திருந்தது. முருகேசன் கையாலேயே புல்லைப் பிடுங்கினார். ரவி செருப்பைக் கழற்றிவிட்டு அவரோடு குனிந்தார். அத்தை உட்கார முடியாமல் நின்றுகொண்டு, அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"நீயே சொல்லு அவகிட்ட. அவரு ஊட்டு ஆளு நீதான்."

அப்பா கைகூப்பினார். ஈரத்தில் அவர் வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"பெரியம்மா," என்றார். அந்தச் சொல்லால் அவர் யாரையும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "நான் அவரோட மகன். அவரு சாகல பெரியம்மா. உங்களுக்குப் பொறவுதான் போனாரு. யாரும் உங்ககிட்ட வந்து சொல்லல. இப்ப நான் வந்து சொல்றேன்."

மஞ்சளை நீரில் குழைத்து அத்தையின் கையில் கொடுத்தார்கள். எங்கள் எல்லாரையும் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தலைமாட்டுக் கல்லில் பூசினார். நடுவில் குங்குமம் வைத்தார். பெரிய பொட்டு. சிவப்புச் சேலையை விரித்துப் போர்த்தினோம். வளையல்களை நிவேதா ஒவ்வொன்றாக அதன் மேல் வைத்தாள். கனகாம்பரமும் மல்லிகையும் சேர்த்துக் கட்டிய சரத்தை அத்தை தானே சுற்றினார். சாம்பல் வெளிச்சத்தில் அந்த ஒரு இடம் மட்டும் நிறமாக இருந்தது. தூறலில் குங்குமம் மெல்லக் கரைந்து கல்லில் இறங்கத் தொடங்கியது. யாரும் துடைக்கவில்லை.

அத்தை அழவில்லை. பெண்ணுக்குத் தலை வாரி முடித்த தாயைப் போலச் சற்றுத் தள்ளி நின்று, சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அப்பாவின் தோளில் கையை ஊன்றித் திரும்பினார்.

"நட, ஊட்டுக்குப் போலாம். காலையில இருந்து ஒண்ணும் திங்காம உக்காந்திருக்கற நீ. களி திம்பியா?"

"திம்பேன்க்கா," என்றார் அப்பா.